போனில் ஆடிப் பழகிய பையனுக்குப் பலகை தேவையா?

(குடும்பக் குழு: நம்ம வீடு)

கோவை சித்தி: மதுரை அண்ணா, ஒரு விஷயம் கேட்க வேண்டும். வருகிற ஞாயிறு இங்கே சின்னப் பிள்ளைகளுக்கான செஸ் போட்டி நடக்கிறது, சின்னவன் பெயரைக் கொடுத்துவிட்டோம். போனில் நன்றாக ஆடுகிறான், ரேட்டிங்கும் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் வீட்டில் பலகையே கிடையாது. இனிமேல் வாங்கி ஒரு வாரத்தில் என்ன ஆகப்போகிறது என்கிறார் அவன் அப்பா. வாங்கவா, வேண்டாமா?

பெங்களூர் அண்ணன்: வேண்டியதில்லை சித்தி. அதே 64 கட்டம், அதே 32 காய். போட்டி அன்று அங்கேயே பலகை இருக்கும், போய் உட்கார்ந்து ஆடிவிடுவான்.

மதுரை மாமா: வாங்கும்மா. இன்றைக்கே வாங்கு.

மதுரை மாமா: போட்டிகளில் நடுவராக நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். முதல் சுற்றிலேயே கண் கலங்கி எழுந்து வருகிற குழந்தைகளில் நிறைய பேருக்கு ஆட்டம் நன்றாகவே தெரியும், பலகைதான் பழக்கமில்லை. போனில் காயை இழுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பழைய இடத்திலேயே விட்டுவிடலாம். இங்கே தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும், எதிராளியின் காயைத் தொட்டால் அதை வெட்டியே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு யோசிக்கும்போதே கை முன்னால் போய்விடும், குதிரையைத் தொட்டுவிட்டு அப்புறம்தான் அது நகர்ந்தால் ராணி போய்விடும் என்று பார்க்கும். எதிரே இருக்கிற பையன் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடுவான். அந்த நிமிடத்தில் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாது.

கோவை சித்தி: ஐயோ, இவன் எல்லாக் காயையும் தொட்டுப் பார்ப்பானே!

மதுரை மாமா: அதனால்தான் சொல்கிறேன். இன்னொன்று, தப்பான நகர்வைப் போன் அனுமதிக்கவே அனுமதிக்காது. ராஜாவுக்குச் செக் இருந்தால் அதை நீக்காத எந்த நகர்வையும் ஏற்காது. பலகை எதையும் தடுக்காது, நீயே பார்க்க வேண்டும். செக்கைக் கவனிக்காமல் வேறு எதையோ நகர்த்தி, நகர்வு முடிந்ததும் அழுத்துகிற கடிகாரத்தை அழுத்திவிட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டாவது தடவை அப்படிச் செய்தால் ஆட்டமே போய்விடும். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனதும் போனில் ராணி தானாக வந்து நிற்கிறது, இங்கே சிப்பாயை எடுத்துவிட்டு ராணியைக் கையால் வைத்த பிறகுதான் கடிகாரம். ராணி கிடைக்கவில்லை என்று யானையைத் தலைகீழாக வைத்தால் அது யானை என்றுதான் கணக்கு. கேஸ்ட்லிங்கில், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றி வைப்பதில், முதலில் ராஜாவைத் தொட வேண்டும், யானையைத் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் கேஸ்ட்லிங் கிடையாது. எல்லாம் ஒரே கையால், கடிகாரமும் அதே கையால்தான்.

பெங்களூர் அண்ணன்: மாமா, இதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆட்டத்தின் பலம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எங்கள் அடுக்ககத்தில் நான் ஆட ஆளே இல்லை. ராத்திரி வேலை முடிந்து உட்கார்ந்தால் பிரேசிலிலோ போலந்திலோ என் தரத்துக்கே ஒருவர் சில நொடிகளில் கிடைக்கிறார். பிரக்ஞானந்தா 2022 பிப்ரவரியில் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனைத் தோற்கடித்தது ஆன்லைன் ரேபிட், அதாவது வேக ஆட்டப் போட்டியில்தானே, அப்போது அவருக்கு வயது 16. வீட்டில் இருந்தபடியே உலக சாம்பியனோடு ஆடக் கிடைப்பது சின்ன விஷயமா?

மதுரை மாமா: சின்ன விஷயம் இல்லை, நானும் மறுக்கவில்லை. ஆனால் அதே பிரக்ஞானந்தா 2024-இல் நார்வேயில் கார்ல்சனை கிளாசிக்கல் ஆட்டத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஜெயித்தாரே, அதற்கு மணிக்கணக்கில் ஒரே பலகையைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தெரிய வேண்டும். 3 நிமிட ஆட்டமாகவே ஆடினால் அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்? ஆன்லைனுக்கு அதற்கே உரிய தொல்லையும் உண்டு. 2020-இல் நாடுகள் அணியாக ஆடின ஆன்லைன் செஸ் ஒலிம்பியாட் இறுதிச் சுற்றில் நம்முடைய இரண்டு பேருக்கு இணையத் தொடர்பு அறுந்து நேரம் போய்த் தோற்றதாக ஆனது. கடைசியில் இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் சேர்த்துத் தங்கம் கொடுத்தார்கள்.

பெங்களூர் அண்ணன்: வேகமாக ஆடுவதைக் குறை சொல்லாதீர்கள். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இருந்த தால் கிளப்பில் ஆனந்த் சின்ன வயதில் பிளிட்ஸ், அதாவது சில நிமிடத்தில் முடிகிற ஆட்டம் ஆடித்தான் வளர்ந்தார், தோற்றவர் எழுந்து வரிசையில் கடைசிக்குப் போக வேண்டுமாம்.

மன்னார்குடி தாத்தா: அங்கே தோற்றவன் எழுந்து நின்று அடுத்தவன் ஆட்டத்தைப் பார்ப்பான் இல்லையா? அதில்தான் பாதிப் படிப்பு. போனில் தோற்றால் உடனே அடுத்த ஆட்டம் என்று பொத்தானை அமுக்கிவிடுகிறீர்கள். நாங்கள் ஆடின காலத்தில் ஆட்டம் முடிந்ததும் காய்களைப் பின்னால் கொண்டுபோய், நீ ஏன் இங்கே மந்திரியை வைத்தாய், நான் சிப்பாயைத் தள்ளியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று ஜெயித்தவனிடமே கேட்போம். அவனும் சொல்வான். ஆட்டத்தைவிட அந்தப் பேச்சு நீளும். குழந்தைக்கு அதைப் பழக்கு பாப்பா.

ஷார்ஜா அக்கா: தாத்தா, நீங்களும் நானும் போனில்தானே ஆடுகிறோம் 😊 அது இல்லையென்றால் இங்கிருந்து உங்களோடு எப்படி ஆடுவேன்? ஒரு நகர்வுக்கு மூன்று நாள் அவகாசம் வைத்துக்கொண்டோம், எனக்கு வேலைக்கு நடுவில் அதுதான் வசதி.

மன்னார்குடி தாத்தா: உன் நகர்வு வந்ததும் நான் அதைக் கூடத்தில் இருக்கிற பலகையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனில் பதில் அனுப்புகிறேன். முன்பு அஞ்சலட்டையில் ஆடியபோதும் இப்படித்தான். திரையில் எனக்கு நிலைமை பிடிபடுவதில்லை.

மதுரை மாமா: அப்பா சொன்னது ரொம்ப முக்கியம். போனில் மேலே இருந்து பார்க்கிறோம், கடைசியாக நகர்ந்த காயை நிறம் போட்டுக் காட்டுகிறது, காய் எங்கெல்லாம் போகலாம் என்று புள்ளியும் வைக்கிறது. பலகையில் உட்கார்ந்த இடத்திலிருந்து சாய்வாகப் பார்க்க வேண்டும், எதிர்மூலையில் இருக்கிற மந்திரி மற்ற காய்களுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும். போனில் ஒரு பார்வையில் தெரிகிற குறுக்குக்கோடு இங்கே கண்ணில் படாது. சின்னவன் போனில் தோற்ற ஆட்டம் ஒன்றைத் தினமும் பலகையில் வைத்து முதலிலிருந்து நகர்த்திப் பார்க்கட்டும். சரியான நகர்வைக் கணக்கிட்டுச் சொல்கிற எஞ்சினைத் திறக்க வேண்டாம். குகேஷுக்கே ஆரம்ப வருடங்களில் விஷ்ணு பிரசன்னா எஞ்சின் இல்லாமல்தான் பயிற்சி கொடுத்தார்.

நான்: மாமா, ஆட்டத்தை எழுத வேண்டுமா அவன்?

மதுரை மாமா: ஒருவருக்கு 60 நிமிடத்துக்குக் குறைவான ரேபிட் என்றால் எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் பழகுவது நல்லது, போன் தானாக எழுதிக்கொள்வதால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கட்டத்தின் பெயரே தெரிவதில்லை. அப்புறம் தங்கச்சி, உன் போனை ஆடும் இடத்துக்குள் கொண்டு போகாதே, அவன் பையிலும் போட்டுவிடாதே. 2003-இல் ஐரோப்பிய அணிகள் போட்டியில் பொனோமரியோவ் என்கிற உக்ரைன் வீரர், அப்போது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் உலகப் பட்டம் வைத்திருந்தவர், போன் ஒலித்ததற்காக ஆட்டத்தையே இழந்தார்.

கோவை சித்தி: சரி அண்ணா, வாங்கிவிடுகிறேன். எந்த மாதிரி வாங்க?

மதுரை மாமா: காந்தம் ஒட்டின குட்டிப் பலகை வேண்டாம். சுருட்டி வைக்கிற பச்சை வெள்ளை விரிப்பு, கட்டம் 5 முதல் 6 செ.மீ., ராஜா 9.5 செ.மீ. உயரம். போட்டியில் வைப்பது அந்த அளவுதான். கடிகாரம் இப்போது வாங்க வேண்டாம்.

பெங்களூர் அண்ணன்: சித்தி, பலகை செலவு என்னுடையது. ஆனால் போனை நிறுத்திவிடாதீர்கள், ஆட ஆள் வேண்டுமே. 10 நிமிடத்துக்குக் குறைவாக ஆட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

மதுரை மாமா: அது சரியான யோசனை, எனக்கும் அதே எண்ணம்தான். தோற்றாலும் ஜெயித்தாலும் கை கொடுக்க வேண்டும், காய்களை அடுக்கி வைத்துவிட்டு எழ வேண்டும். சிங்கப்பூரில் 2024 டிசம்பரில் உலகப் பட்டம் வென்ற அந்த நிமிடத்திலும் குகேஷ் கண்ணீரோடு காய்களை அதனதன் இடத்தில் அடுக்கினாரே, அந்த வீடியோவை அவனுக்குக் காட்டு.

(மாலை)

கோவை சித்தி: 📷 வாங்கியாயிற்று. விரித்து உட்கார்ந்துவிட்டான்.

மன்னார்குடி தாத்தா: பலகை திரும்பி இருக்கிறது பாப்பா. வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும்.

கோவை சித்தி: திருப்பிவிட்டேன் அப்பா. அண்ணா, இவன் உங்களோடு வீடியோவில் ஆட வேண்டும் என்கிறான், இரண்டு பக்கமும் பலகை வைத்து.

மதுரை மாமா: எட்டு மணிக்குக் கூப்பிடச் சொல். அவனுக்கு வெள்ளை. தொட்ட காயை ஆட வேண்டும், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.