"உங்கள் காரைச் சில நாள் தர முடியுமா?" புகைச் சோதனைக்கு அரசாங்கத்திடம் கார் கொடுத்தவர்களின் அனுபவங்கள்

கேன்டன் வாசி:
உங்கள் காரைப் புகைச் சோதனைக்குத் தர முடியுமா, பதிலுக்கு ஓட்ட ஒரு காரும் கொஞ்சம் பணமும் தருகிறோம் என்று மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் இருக்கும் ஈபிஏ, அதாவது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தால் நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைக் குப்பையில்தான் போடுவோம். என் வீட்டுக்காரரும் போட்டார். "கவர்மென்ட் சும்மா காசு கொடுக்குமா, ஏதோ ஃப்ராடு" என்றார். மிச்சிகனில் கார்களுக்குக் கட்டாயப் புகைச் சோதனையே கிடையாது, ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கும்போதுகூட யாரும் கேட்பதில்லை, திடீரென்று ஒருவர் உங்கள் மாடல், வருடம் எல்லாம் சரியாகச் சொல்லி எழுதினால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? நான் கடிதத்தில் இருந்த நம்பரை விட்டுவிட்டு ஈபிஏ இணையதளத்தில் போய் ஆய்வகத்தின் நம்பரைத் தேடிக் கூப்பிட்டேன். உண்மையான கடிதம்தான். நம் விவரம் மாநில வாகனப் பதிவேட்டிலிருந்து போயிருக்கிறது. ஒரு மாடலுக்கு 25 முதல் 50 பேருக்கு இப்படி எழுதுவார்களாம், சம்மதம் சொல்லிக் கடிதத்தோடு வரும் பதில் அட்டையைத் திருப்பி அனுப்புகிறவர்களில் மூன்று பேரைப் போனில் கூப்பிடுவார்களாம், கார் போதவில்லை என்றால் அடுத்த கும்பலுக்கு எழுதுவார்களாம்.

போனில் கேட்ட கேள்விகள் கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பது மாதிரிதான். கார் எங்காவது மோதியிருக்கிறதா, ட்ரெய்லர் இழுத்திருக்கிறதா, எஞ்சினில் ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா, ஆயில் எப்போது மாற்றினீர்கள், எங்கே மாற்றினீர்கள், ரசீது இருக்கிறதா. ரசீதுகளை நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். கொடுப்பதும் கொடுக்காததும் நம் இஷ்டம், கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்றாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு விஷயம், டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரை எடுக்க மறந்துவிட்டோம். கார் திரும்பி வந்தபோது அவர் ஒட்டிய இடத்திலேயே இருந்தார், பக்கத்தில் நான் தேடிக்கொண்டிருந்த கூலிங்கிளாஸும் இருந்தது.

நோவி குமார்:
அக்கா, ஃபெயில் ஆனால் என்ன செய்வார்கள்? காரை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டால் ஆபீஸ் எப்படிப் போவது என்றுதான் நான் அட்டையை அனுப்பாமலே வைத்திருக்கிறேன். ஊரில் பெட்ரோல் பங்க்கில் எடுக்கும் பொல்யூஷன் சர்ட்டிபிகேட் மாதிரி இதற்கும் ஏதாவது ஒட்டுவார்களா?

எஞ்சின் கேலிப்ரேஷன் ஆள்:
இல்லை தம்பி. இங்கே பரீட்சை உங்களுக்கு இல்லை, கம்பெனிக்கு. இந்த வேலையிலேயே பல வருடம் இருப்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஒரு புது மாடல் விற்பனைக்கு வருவதற்கு முன் கம்பெனி ஒரு வண்டியைத் தயார் செய்து சோதித்துச் சான்று வாங்கிவிடும். அந்த வண்டி நன்றாகக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்த வண்டி. நாலு வருடம் குளிரில் நின்று, உப்புப் போட்ட ரோட்டில் ஓடி, கிடைத்த பங்க்கில் பெட்ரோல் குடித்த வண்டி எப்படி இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அமெரிக்கச் சுத்தக் காற்றுச் சட்டம் சொல்வது என்னவென்றால், சரியாகப் பராமரித்து ஒழுங்காக ஓட்டிய வண்டிகளில் கணிசமான எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் கம்பெனி திரும்ப அழைத்துத் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். "சரியாகப் பராமரித்து" என்பதுதான் முக்கியம், அந்த ஓட்டையில்தான் கம்பெனி வக்கீல்கள் நுழைவார்கள், ஓனர் ஆயில் மாற்றவில்லை, அவர் தப்பு என்பார்கள். அதனால்தான் அக்காவிடம் அவ்வளவு ரசீது கேட்டார்கள்.

சோதனை என்றால் பங்க்கில் வண்டியை நிற்க வைத்து சைலன்சரில் குழாய் விடுகிற கதை இல்லை. டேங்கில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டுச் சோதனைக்கென்றே இருக்கும் பெட்ரோலை ஊற்றுவார்கள். சக்கரம் சுழன்றாலும் வண்டி நகராத ரோலர் மேல் ஒரு தடவை ஓட்டி, பிறகு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் அறை வெப்பத்தில் எஞ்சினைத் தொடாமல் நிறுத்தி வைப்பார்கள். அதனால் அவர்கள் "சில நாள்" என்று கேட்பதில் ஆச்சரியம் இல்லை. அடுத்த நாள் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, எப்போது எவ்வளவு வேகம் என்று திரையில் ஓடும் கோட்டை அப்படியே பின்பற்றி 11 மைல் ஓட்டுவார்கள், நடுவில் பத்து நிமிடம் அணைத்துவைப்பது தனி. அந்தக் கோடு ஒரு காலத்து லாஸ் ஏஞ்சல்ஸ் போக்குவரத்தை வைத்துப் போட்டது, இன்றைக்கும் அதுதான் அடிப்படை. புகையைக் காற்றோடு கலந்து அதில் ஒரு பங்கைப் பைகளில் சேர்ப்பார்கள். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் அழுக்கு அதிகம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சூடாகும் வரை வேலை செய்யாது. நிற்கிற வண்டியில் எடுக்கும் சர்ட்டிபிகேட் இதையெல்லாம் பார்ப்பதே இல்லை.

அப்புறம் கம்பெனியே கடிதம் போட்டாலும் பயப்பட வேண்டாம். கம்பெனிகளும் வாடிக்கையாளர் கார்களை வாங்கிச் சோதித்து அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், 10,000 மைல் தாண்டிய வண்டி ஒரு தொகுதி, 50,000 மைல் தாண்டியது இன்னொன்று.

ரிவர்சைட் ரம்யா:
கலிஃபோர்னியாவில் இது கார்ப் என்கிற மாநிலக் காற்று வாரியத்தின் வேலை. எங்களுக்கு ஸ்மாக் செக் என்று இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயச் சோதனை இருப்பதால் கடிதத்தைப் பார்த்ததும் "ஏற்கெனவே பாஸ் ஆயிட்டோமே, மறுபடியும் ஏன்" என்ற எரிச்சல்தான் வந்தது. அவர்களுடைய ஆய்வகம் எல் மான்டேயில் இருந்தது, 2021-ல் ரிவர்சைடில் புது வளாகம் திறந்த பிறகு எனக்கு வீட்டுக்குப் பக்கம். கார் கொடுத்தேன், வாடகைக் கார் கிடைத்தது, திரும்பி வந்தபோது டேங்க் நிறைந்திருந்தது. இந்த ஊர் பெட்ரோல் விலைக்கு அதுவே பெரிய விஷயம்.

ஒரு எச்சரிக்கை. குழந்தை சீட்டை முன்கூட்டியே கழற்றி வைத்துவிடுங்கள், மாற்றுக் காரில் மாட்டுவதற்கு அரைமணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுங்கக் கட்டணம் கட்டும் ஃபாஸ்ட்ராக் கருவியையும் எடுத்துவிடுங்கள்.

ட்ராய் சீனியர்:
இவ்வளவு சொல்கிறீர்கள், அப்படியானால் டீசல் கார்களின் புகையைச் சோதனையில் மறைத்த ஃபோக்ஸ்வேகன் எப்படித் தப்பித்தான்? இவர்கள் கையில்தானே எல்லாக் கருவியும் இருந்தது?

எஞ்சின் கேலிப்ரேஷன் ஆள்:
நல்ல கேள்வி சார், உண்மையைச் சொன்னால் உங்கள் வீட்டு டீசல் காரைக் கொடுத்திருந்தாலும் அந்தத் திருட்டு பிடிபட்டிருக்காது. ரோலர் மேல் நிற்கிறோம் என்று தெரிந்ததும் அவர்கள் காரில் வைத்திருந்த மென்பொருள் நல்ல பிள்ளையாகிவிடும். 2013-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு கருவிகளைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஓட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் குழுவில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம், நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நைட்ரஜன் ஆக்சைடு ஃபோக்ஸ்வேகனின் ஜெட்டா மாடலில் வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு, பஸாட் மாடலில் 5 முதல் 20 மடங்கு. கம்பெனி அடுத்த வருடக் கடைசியில் வண்டிகளைத் திரும்ப அழைத்து மென்பொருளைச் "சரி" செய்ததாகச் சொன்னது, 2015 மே மாதம் கார்ப் மறுபடியும் எடுத்துப் பார்த்தால் அப்போதும் வரம்புக்கு மேல்தான். செப்டம்பர் 18 அன்று ஈபிஏ நோட்டீஸ் கொடுத்தது. அதே மாதம் எல்லாக் கம்பெனிகளுக்கும் கடிதம் போனது: இனி வழக்கமான சோதனையோடு நிற்க மாட்டோம், முன்கூட்டிச் சொல்லாத விதத்திலும் ஓட்டிப் பார்ப்போம் என்று.

எனக்கு உறுத்துகிற குறை வேறு. அட்டையைத் திருப்பி அனுப்புகிறவர்கள் யார்? ரசீதுகளை ஃபைல் போட்டு வைத்திருக்கிற ஆட்கள்தான். ஆயில் மாற்றாமல் ஓட்டுகிறவனும், இரண்டு வேலை பார்த்துக்கொண்டு ஒரு நாள்கூடக் காரை விட முடியாதவனும் அட்டையைப் பார்ப்பதே இல்லை. சட்டத்துக்கு வேண்டியது பராமரித்த வண்டிதான், அது சரி. ஊர்க் காற்றில் கலப்பது எல்லோருடைய புகையும்தானே.

நோவி குமார்:
அண்ணா, கடைசியாக ஒன்று. போன வாரத்திலிருந்து செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஷாப்பில் கொடுத்து அணைத்துவிட்டு அட்டையை அனுப்பட்டுமா?

எஞ்சின் கேலிப்ரேஷன் ஆள்:
அணைக்காதே. வண்டி பதிந்து வைத்த பிழைக் குறியீட்டை அழித்தால் வண்டிக்குள் இருக்கும் சுய பரிசோதனைகள் எல்லாம் முதலிலிருந்து ஓட வேண்டும், அதுவும் அவர்களுக்குத் தெரியும். போனில் கேட்கும்போது இருக்கிறபடி சொல், வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் அப்புறம் ஷாப்புக்குப் போ. அதற்கு முன் எமிஷன் வாரன்ட்டியைப் பார், கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் 8 வருடம் அல்லது 80,000 மைல் வரை உண்டு, டீலர் தானாகச் சொல்ல மாட்டார்.