பழைய பெஞ்ச் டிரில்லுக்கு எந்த ஸ்விட்ச்?

பட்டறைவாசி: அப்பா காலத்து பெஞ்ச் டிரில். அரை எச்பி, சிங்கிள் ஃபேஸ், பிட்டைக் கவ்வும் சக் 13 மி.மீ. பக்கத்தில் இருந்த திருகு ஸ்விட்ச் கருகிவிட்டது. சாதாரண 16 ஆம்பியர் ஸ்விட்ச் போதுமா, பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த டிஓஎல் மோட்டார் ஸ்டார்ட்டர் வேண்டுமா?

கம்பிச்சுருள்: 16 ஆம்பியரே தாராளம். ஓடும்போது நாலு ஆம்பியர் இழுக்குமா? எங்கள் பட்டறையில் இருபது வருடமாக அதுதான். மேலே எம்சிபி (அதிகம் இழுத்தால் தானே விழும் பிரேக்கர்) வேறு இருக்கிறது. ஸ்டார்ட்டர் தண்டச் செலவு.

பச்சைப்பொத்தான்: மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்குமே, அதை விட்டுவிட்டீர்கள். ஆனால் என் பயம் வேறு. கரண்ட் போய் டிரில் நின்றது. ஸ்விட்சை அணைக்க மறந்து, பிட் மாற்ற சக்கில் சாவியைச் செருகினேன். கரண்ட் வந்தது. சாவி பறந்து தகரக் கூரையில் அடித்தது. கட்டைவிரல் தப்பியது, நகத்தோடு போயிற்று. ஸ்டார்ட்டர் என்றால் உள்ளே ஸ்விட்சை இழுத்துப் பிடிக்கும் காந்தச் சுருள், அதாவது காயில், கரண்ட் போனதுமே விட்டுவிடும், பச்சையை மறுபடி அழுத்தாமல் ஓடாது. எம்சிபிக்கு இதெல்லாம் தெரியாது.

கம்பிச்சுருள்: அது உங்கள் மறதி, ஸ்விட்ச் என்ன செய்யும்? எங்கள் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கும். ஸ்டார்ட்டருக்குள் அந்தக் காயில் இழுக்கும் ஸ்விட்ச், கான்டாக்டர், கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தால் வேலை நடந்த மாதிரிதான்.

பச்சைப்பொத்தான்: 240 வோல்ட் காயில் 85 சதவீதத்தில், அதாவது 204ல் இழுத்தாக வேண்டும். 190ல் எடுக்கத் திணறலாம், சரி. ஆனால் ஒருமுறை பிடித்துவிட்டால் 180 வரை விடக்கூடாது. அதற்கும் கீழே டிரில்லை அழுத்தி ஓட்டினால் மோட்டார் வைண்டிங்தான் புகையும்.

மூன்றாம்கியர்: எங்கே மாட்டுவது என்று யாரும் பேசவில்லையே? வலது கை ஃபீட் கைப்பிடியில், இடது கை தகட்டில். தகடு பிட்டில் சிக்கிச் சுழன்றால் எந்தக் கையால் அணைப்பீர்கள்? நான் ஒரு காளான் பொத்தானை (அவசரத்தில் தட்டி நிறுத்தும் பெரிய தலைப் பொத்தான்) மேசை விளிம்பில், தொடை உயரத்தில் மாட்டி, சிவப்புப் பொத்தானோடு சீரீஸில் கொடுத்திருக்கிறேன். காலால் ஒரு இடி, நின்றுவிடும். வார்ப்பிரும்பு உடம்புக்கு எர்த் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பிச்சுருள்: காளான் பொத்தான் சரி. ஆனால் தகட்டை வைஸில் கட்டாமல் யார் கையில் பிடிக்கச் சொன்னது?

பட்டறைவாசி: உக்கடத்தில் பழைய ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். பச்சையை அழுத்தினால் கிர்ர் என்கிறது, இழுக்கவில்லை.

கம்பிச்சுருள்: நான் அப்போதே சொன்னேன்.

பச்சைப்பொத்தான்: மெயினை அணைத்துவிட்டு, காயிலில் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள். 415 என்றால் அது த்ரீ ஃபேஸ் லைனுக்கு உள்ளது. 240 காயில் தனியாகக் கிடைக்கும். அப்படியே, மோட்டார் அதிகம் இழுத்தால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயின் மூன்று பாதையிலும் கரண்ட் ஓடும்படி வயரைச் சுற்றிக் கொடுங்கள். ஒன்றை வெறுமனே விட்டால் சும்மா சும்மா ட்ரிப் ஆகும்; உடனே கம்பிச்சுருள் வந்துவிடுவார்.

பட்டறைவாசி: 415தான். நாளைக்குக் காயில் மாற்றிவிட்டு எழுதுகிறேன்.