குளத்து டாஃப்னியா தாமிரத்தைத் தாங்குகிறது: பரிணாமமா, பழக்கமா?

கேள்வி: சுரங்கக் கழிவு கலக்கும் குளத்தில் பிடித்த டாஃப்னியா மேக்னா என்ற நீர்த்தெள்ளுக்குத் தாமிரத்தின் 48 மணி நேர இசி50 (பாதி உயிர்களை அசைவற்றுப் போகச் செய்யும் செறிவு), ஆய்வகக் குளோனைவிட (ஒரே தாய்வழி வந்த, ஒரே மரபு கொண்ட கூட்டம்) கூடுதலாக வருகிறது. பரிணாமத்தால் வந்த தாங்குதிறன் என்று இதை எழுதலாமா?

பதில் 1: அவசரப்பட வேண்டாம். தாமிரத்திலேயே வளர்ந்த உடலில், உலோகத்தைப் பிடித்துவைக்கும் புரதமான மெட்டலோதயோனின் முன்பே கூடியிருக்கும். தாயின் நிலை குஞ்சையும் பாதிக்கும். மரபணு மாறாமலே இவ்வளவும் நடக்கும்.

ஒவ்வொரு பெண் டாஃப்னியாவையும் தனிக் குவளையில் விட்டுக் குளோன்களைப் பிரியுங்கள். 20 டிகிரியில், சுத்த நீரில், இரண்டு தலைமுறை ஓடட்டும். அடுத்த தலைமுறையில், பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை மட்டும் எடுங்கள்; முதல் ஈற்றுக் குஞ்சுகள் வேண்டாம். டாஃப்னியா நச்சுச் சோதனைக்கான சர்வதேச வழிகாட்டியான ஓஇசிடி 202 முறைப்படி குறைந்தது 5 செறிவுகள், செறிவுக்கு 20 குஞ்சுகள் (குவளைக்கு ஐந்தாக), தலைக்கு 2 மில்லி நீர், தீவனம் கிடையாது. தாமிரமில்லாத குவளைகளில் 10 சதவீதத்துக்கு மேல் அசைவற்றுப் போனால் அந்தச் சோதனை செல்லாது.

இன்னொரு கோளாறு: ஆய்வகக் குளோன் ஒற்றை மரபுவகை. அதோடு ஒப்பிட்டால் எதுவும் நிரூபணமாகாது. மாசில்லாத குளங்கள் சிலவற்றிலிருந்து பல குளோன்கள் வேண்டும்.

பதில் 2: ஊடகம், அதாவது சோதனை நீர், எது? வழக்கமான கலவைகளான எம்4, எம்7 இரண்டிலும் இடிடிஏ என்ற வேதிப்பொருள் உண்டு. அது தாமிரத்தைக் கட்டிப்போடுவதால் எல்லாமே தாங்குவதுபோல் தெரியும். நீரின் கடினத்தன்மையும் கரைந்த கரிமமும்கூடத் தாமிரத்தின் நச்சைக் குறைக்கும். ஊற்றிய அளவை நம்பாமல், கரைந்த தாமிரத்தை அளந்து எழுதுங்கள்.

கேட்டவர்: ஊடகம் எம்4தான்! மாற்றுகிறேன். இந்த முடிவை வேறு இனங்களுக்கும் நீட்டலாமா?

பதில் 3: தாமிரத்துக்குக் கடினம்; சோடியம் உள்ளிழுப்பு உட்படப் பல இடங்களில் அது கை வைக்கிறது. ஒற்றை ஏற்பி (பொருள் வந்து ஒட்டும் புரதம்) வழியே தாக்கும் பொருளென்றால் கதையே வேறு. டையாக்சின் என்ற நச்சு ஒட்டும் ஏற்பியான, பறவைகளின் ஏஹெச்ஆர்1 புரதத்தில் 324, 380 ஆகிய இடங்களில் உள்ள அமினோ அமிலங்களைப் பாருங்கள். கோழியில் ஐசோலியூசின், செரீன். கோழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெசன்ட்டில் ஐசோலியூசின், அலனீன். ஜப்பானியக் காடையில் வேலின், அலனீன். டையாக்சினுக்கு எளிதில் பாதிக்கப்படுவதும் இதே வரிசையில்தான் குறைகிறது. இப்படி வரிசைகளை ஒப்பிடவே சீக்அபாஸ் என்ற இலவச இணையக் கருவி இருக்கிறது: முழுப் புரதம், செயற்பகுதி, தனி அமினோ அமிலம் எனப் படிப்படியாக ஒப்பிடும். பொருள் ஏற்பியில் ஒட்டுமா என்பதற்கே அது குறிப்புத் தரும். உடல் எவ்வளவு வேகமாக நச்சை முறிக்கும் என்பதைச் சொல்லாது.

பதில் 1: ஒன்று விட்டுப்போனது. குளத்தடிச் சேற்றை அடுக்கடுக்காக எடுத்து ஈயம்-210 (இயற்கையாகக் கிடைக்கும் கதிரியக்க ஈயம்) கொண்டு காலம் கணித்தால், சுரங்கத்துக்கு முந்தைய டாஃப்னியாக்கள் சேற்றில் விட்டுச்சென்ற உறங்குமுட்டைகளைப் பொரிக்க வைத்து இன்றைய குளோன்களோடு நேரடியாக ஒப்பிடலாம். ஆழம் கூடக்கூடப் பொரிப்பு குறையும். அதனால் பழைய அடுக்குகளில் முட்டைகளை நிறையவே சேகரியுங்கள்.