ஹாஷுக்குத் தமிழ்: ‘பிழிவு’ என்று முன்மொழிகிறேன்

குழுவினருக்கு வணக்கம். எந்தக் கோப்பையும் உரையையும் குறித்த நீளமுள்ள ஒரு விடையாக மாற்றும் கணினிக் கணக்கே ஹாஷ் (hash). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் கேட்டார்:

> ‘சுருக்கம்’ என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம், ஐயா. சுருக்கிய கோப்பைத் திரும்ப விரித்துக்கொள்ளலாம். ஹாஷை விரிக்க வழியே இல்லை. இன்னொருவர் சொன்ன ‘மறையெண்’ணும் பொருந்தாது. மறையாக்கம் (encryption) செய்ததைத் திறவுகோல் இருந்தால் படித்துவிடலாம். இங்கே திறவுகோல் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாணவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பெயரே அந்தக் குழப்பத்தை வளர்க்கக் கூடாது.

எங்கள் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்குள் லாரி லாரியாகப் பழம் போகிறது. வெளியே வரும் கூழிலிருந்து பழத்தை மீட்க முடியுமா? அதனால்தான் ‘பிழிவு’. வினையாகவும் வளையும்: பிழி, பிழிந்த, பிழிந்து பார். ‘சார்பு’ (function) பள்ளிக் கணக்கிலேயே இருப்பதால் ‘பிழிவுச் சார்பு’ என்பதும் உறுத்தாது.

எவ்வளவு பெரிய கோப்பானாலும் எஸ்.எச்.ஏ-256 (SHA-256) என்ற பிழிவு முறை தருவது 256 பிட்டுகள்தாம். உள்ளீட்டை 512 பிட் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் 64 சுற்றுகள் கலக்குகிறது.

விளக்க நம் ஊர்ப் பெயரே போதும். ‘தர்மபுரி’, ‘தருமபுரி’ இரண்டும் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 (UTF-8) முறையில் 24 பைட்டுகள். ஒன்றில் ரகரத்தின் மேல் புள்ளி, மற்றதில் உகரக் குறி. பிட் கணக்கில் பார்த்தால் 192 பிட்டுகளில் மாறுவது இரண்டே இரண்டு. பிழிந்து பாருங்கள், விடையில் ஏறத்தாழப் பாதி பிட்டுகள் புரண்டிருக்கும்.

‘தொப்பூர்’ இன்னும் நுட்பமானது. அதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் இடலாம். திரையில் வேற்றுமை தெரியாது, பிழிவோ முற்றிலும் வேறு! தமிழ் உரையை யூனிகோடு இயல்பாக்கம் செய்த பிறகே, அதாவது இத்தகைய வடிவங்களை ஒரே வடிவாக்கிய பிறகே, பிழிய வேண்டும் என்பதைக் கலைச்சொல் குறிப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

இரண்டு உள்ளீடுகளுக்கு ஒரே பிழிவு வந்தால் ‘மோதல்’. உள்ளீடுகளுக்கு எல்லையில்லை, விடைகளுக்கு உண்டு. ஆகவே மோதல் எங்கோ இருந்தே தீரும். அதைக் கண்டுபிடிக்க முடியாதபடி இருப்பதில்தான் பாதுகாப்பு. பழைய பிழிவு முறைகளான எம்.டி.5 அதை 2004இலும் எஸ்.எச்.ஏ-1 2017இலும் இழந்தன.

கடவுச்சொல்லோடு பிழிவதற்கு முன் ஆளுக்கொன்றாகச் சேர்க்கும் தற்செயல் எழுத்துத் தொடரான ‘சால்ட்’டை (salt) ‘உப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மறுப்பிருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.