வைஃபை ரவுட்டர்: ஆளுக்கு ஒரு பாக்கெட்டா, ஆளுக்குச் சம நேரமா?

கடைசிஅறை:
பல ரவுட்டர்களில் ஓடும் லினக்ஸின் 4.11 பதிப்பு 2017-ல் வந்தது. அதில் ஏத்9கே டிரைவருக்குள் (வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருள்) ஏர்டைம் ஃபேர்னஸ், அதாவது ஆளுக்குச் சம அளவு சேனல் நேரம் தரும் முறை, நுழைந்தது. 5.1-ல் அது பல டிரைவர்களுக்குப் பொதுவான மேக்80211 என்ற அடுக்குக்கு மாறியது. எல்லோரும் பாராட்டுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. சிக்னல் எட்டாத அறையில் இருப்பவருக்கு ஏற்கெனவே வேகம் கம்மி. அவர் பங்கையும் டிரைவரே பிடுங்கினால் எப்படி? ஆளுக்கு ஒரு பாக்கெட் என்ற பழைய முறைதான் நியாயம்.

ரவுண்ட்ராபின்:
பிடுங்கலைங்க, கணக்குப் போட்டுப் பாருங்க. 1500 பைட் பாக்கெட்டுன்னா 12,000 பிட். 54 எம்பிபிஎஸ்-ல போக 0.22 மில்லிசெகண்ட், 1 எம்பிபிஎஸ்-ல போக 12 மில்லிசெகண்ட். ஆளுக்கு ஒண்ணுன்னு அனுப்பினா சேனல் நேரத்துல 98 சதவீதம் மெதுவானவருக்கே போயிடுது. ஹெட்டர், காத்திருப்பு எல்லாத்தையும் விட்டுட்டாலும் ரெண்டு பேருக்கும் 0.98 எம்பிபிஎஸ்தான். நேரத்தைப் பாதிப் பாதியாப் பிரிச்சா வேகமானவருக்கு 27, மெதுவானவருக்கு 0.5. இவர் விட்டுக்கொடுத்தது அரை, அவருக்குக் கிடைச்சது 26!

கடைசிஅறை:
அந்த அரைதான் அவரிடம் இருந்ததில் பாதி. அதுவும் இரண்டு பேரோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள்? ஒரு விடுதியில் வேகமானவர்கள் 9 பேர், மெதுவானவர் ஒருவர் என்று வையுங்கள். பழைய முறையில் அவருக்கு 0.86 வரும். உங்கள் முறையில் 0.1. ஆன்லைன் வகுப்பில் வாத்தியார் குரல்கூட விட்டுவிட்டுத்தான் கேட்கும்.

வரிசைக்காரன்:
ரெண்டு பேருமே எல்லாம் டிரைவர் கையில இருக்குன்னு வச்சுப் பேசுறீங்க. ஏத்9கே-ல சரி. ஆனா ஏத்10கே-ங்கிற அடுத்த டிரைவர்ல, ஃபர்ம்வேருக்குள்ளயும் (சிப்புக்குள்ளயே ஓடுற மென்பொருள்) ஒரு வரிசை இருக்கு. மேலே எவ்வளவு ஒழுங்காப் பிரிச்சுக் கொடுத்தாலும், உள்ளே பாக்கெட் குவிஞ்சிட்டா அப்புறம் டிரைவர் சொல் எடுபடாது. அதுக்குத்தான் லினக்ஸ் 5.5-ல ஏக்யூஎல், அதாவது கீழே தேங்குற நேரத்துக்கு வரம்பு வைக்கிற முறை, வந்தது. ஒரு ஸ்டேஷனுக்காக (ரவுட்டரோட இணைஞ்ச போன், லேப்டாப் மாதிரி ஒரு கருவி) கீழே தேங்கி நிக்கிற பாக்கெட்டுகளோட நேரத்தை எண்ணி, நெரிசல் ஏறினா சுமார் 5 மில்லிசெகண்டோட நிறுத்திடும். அப்லோடும் அப்படித்தான்: போன் அனுப்புறதை ரவுட்டர் தடுக்க முடியாது, அந்த நேரத்தை போன்காரர் கணக்குல எழுதி டவுன்லோடுல கழிக்கத்தான் முடியும்.

ரவுண்ட்ராபின்:
சரியான பாயிண்ட். கடைசிஅறை சார், நீங்க சொன்ன 0.1 கணக்கை ஒத்துக்கறேன். ஆனா அந்த ஒருத்தருக்காக மத்த 9 பேரும் 5.4-ல இருந்து 0.86-க்கு இறங்கணுமா? ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வெயிட் (யாருக்கு எவ்வளவு பங்கு நேரம்னு சொல்ற எண்) வைக்கலாம், இயல்பா 256. அவருக்கு மட்டும் 1024 கொடுங்க: அவருக்கு 0.31, மத்தவங்களுக்கு ஆளுக்கு 4.2.

கடைசிஅறை:
எந்த விடுதிக்காரர் வெயிட் எண்ணைத் தேடிப் போய் மாற்றப்போகிறார்? பெட்டியில் என்ன வருகிறதோ அதுதான் கடைசிவரை ஓடும். மெதுவானவருக்குக் கூடுதல் வெயிட் இயல்பாகவே வரவேண்டும்.

ரவுண்ட்ராபின்:
அதை மட்டும் ஏத்துக்க மாட்டேன். 1 எம்பிபிஎஸ்-ல பேசுற பழைய பிரிண்டருக்கும் அதே சலுகை போகும். வகுப்பா பிரிண்டரான்னு நேரத்தைப் பிரிச்சுக் கொடுக்கிற அந்த ஷெட்யூலருக்குத் தெரியாது.