அறிகுறி இல்லாவிட்டாலும் பால்வினை நோய் டெஸ்ட் எடுக்கணுமா?

புதுக்கணக்கு:
ஆணுறை இல்லாம உறவு நடந்து ரெண்டு வாரம் ஆகுது. எரிச்சல், புண், சீழ் எதுவும் இல்லை. யாரைப் பார்க்கணும், ரிசப்ஷன்ல என்னன்னு சொல்றது? மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுட்டா போதாதா?

லேப்மேசை:
அறிகுறி இல்லாட்டியும் டெஸ்ட் எடுங்க. நீங்களா ஆன்டிபயாடிக் வாங்கிப் போட வேண்டவே வேண்டாம். அரைகுறை டோஸ்ல கிருமி சாகாது, ரிசல்ட்தான் கெடும். பால்வினை நோய்கள்ல ஒண்ணான கொனோரியா ஏற்கெனவே பல மருந்துக்கு மசியாத கிருமி.

தோல், பால்வினை நோய் மருத்துவரைப் பாருங்க. பொது மருத்துவரும் போதும். ரிசப்ஷன்ல "டாக்டர்கிட்ட தனியா பேசணும்"னு சொல்லுங்க. அதுக்கு மேல அங்க விளக்கம் தேவையில்லை.

கிளமிடியா (இதுவும் பால்வினைக் கிருமிதான்), கொனோரியாவுக்கு யூரின்ல பிசிஆர், அதாவது கிருமியோட மரபணுவைத் தேடுற டெஸ்ட். ரெண்டு வாரம் முடிஞ்சிருந்தா ரிசல்ட்டை நம்பலாம். நிறைய பேர் சொதப்புறது சாம்பிள் பிடிக்கிறப்போதான். சாதாரண யூரின் டெஸ்ட் மாதிரி முதல்ல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல பிடிக்கிறாங்க. கிருமி ஒட்டியிருக்கிறது சிறுநீர்க் குழாய்ல. முதல் பீச்சுலயே அது அடிச்சுட்டுப் போயிடும். அதனால முதல்ல வர்ற 20-30 மிலி மட்டும் பிடிங்க. பாட்டிலை நிரப்பினா நீர்த்துப்போகும். அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிச்சிருக்கக் கூடாது. வாய்வழி, ஆசனவாய் உறவுன்னா அந்தந்த இடத்துல பஞ்சுக்குச்சியால தடவி (ஸ்வாப்) சாம்பிள் எடுக்கச் சொல்லுங்க, யூரின்ல தெரியாது.

சாம்பல்குருவி:
எச்ஐவிக்கு இன்னிக்கு நெகட்டிவ்னு வந்தா அது முடிவு இல்லை. நாளத்துல ரத்தம் எடுத்து லேப்ல பண்ற ஆன்டிஜென்-ஆன்டிபாடி டெஸ்ட் (வைரஸோட துணுக்கு, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்குற புரதம் ரெண்டையும் தேடுறது) 18-45 நாள்ல காட்டும். விரல்ல குத்திப் பார்க்கிற ஆன்டிபாடி ரேபிட்டுக்கு 90 நாள் வரை ஆகலாம். எச்ஐவி தொத்தாம இருக்கக் கொடுக்கிற தடுப்பு மருந்தை (பெப்) உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கி 28 நாள் சாப்பிடணும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிடுச்சு.

சிபிலிஸ்னு இன்னொரு பால்வினை நோய் இருக்கு. அதோட புண் வலிக்காது, சராசரியா மூணு வாரத்துல வரும். முன்தோலுக்கு அடியிலயும் பாருங்க. தானா ஆறிடும், நோய் உள்ளேயே இருக்கும். அதனால இப்பவும் மூணு மாசத்துலயும் ரத்த டெஸ்ட் எடுங்க.

புதுக்கணக்கு:
நன்றி. பாசிட்டிவ்னா அவங்ககிட்டயும் சொல்லணுமா?

லேப்மேசை:
சொல்லியே ஆகணும். கிளமிடியா பெண்களுக்குச் சத்தமில்லாம கருக்குழாய் வரைக்கும் போகும். ஒருத்தர் மட்டும் மருந்து சாப்பிட்டா திரும்பத் தொத்திக்கும். ஒரே டோஸ்னா அதுல இருந்து 7 நாள், 7 நாள் கோர்ஸ்னா ரெண்டு பேருக்கும் முடியிற வரை உறவு கூடாது. போறப்போ ஹெபடைடிஸ் பி, எச்பிவி (பிறப்புறுப்பு மருவை உண்டாக்குற வைரஸ்) தடுப்பூசியும் கேட்டுப் பாருங்க.

சாம்பல்குருவி:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரு பக்க விரை திடீர்னு வலிச்சு, மேல ஏறின மாதிரி இருந்தா பால்வினை நோய்னு நினைச்சு டெஸ்ட், அப்பாயிண்ட்மென்ட்னு காத்திருக்காதீங்க. விரை முறுக்கிட்டா ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் நடக்கணும். நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.