'தி பிக்மேன்' பெரியவர் மாதிரி நீங்க யாரையாவது பார்த்திருக்கீங்களா?

துறைபூண்டிப் பையன்:
பால் ஜின்டெலோட அந்த 1968 நாவல் படிச்சவங்களுக்குக் கதை தெரியும். அதுல தனியா இருக்கிற பெரியவர் பிக்னாட்டி, செத்துப்போன பெண்டாட்டி கலிபோர்னியா போயிருக்கான்னு சொல்ற இடத்தைத் தாண்ட முடியல. கஜா புயல் அடிச்சு (2018 நவம்பர் 16) ஒரு வாரம். ப்ளஸ் ஒன் பசங்க நாங்க என்எஸ்எஸ்ல வேதாரண்யம் பக்கம் ஒரு ஊருக்குப் போனோம். ஒரு தாத்தா கொல்லையில தென்னை மொத்தமும் சாஞ்சு கிடந்துச்சு. "பாட்டி எங்க தாத்தா?" "மன்னார்குடி, மக வீட்டுக்கு."

தாழ்வாரத்துல சரிஞ்ச கீத்தைத் தூக்கினா கீழ ஒரு மூக்குக்கண்ணாடி. பதறி ஓடிவந்து எடுத்தார். வேட்டி நுனியால சேத்தைத் துடைச்சார், வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார், மறுபடி துடைச்சார். "இது இல்லாம அவளுக்குப் பேப்பர் ஒரு எழுத்து தெரியாதுடா." பாட்டி தவறி வருஷக்கணக்காச்சுன்னு பக்கத்து வீட்டு அக்கா அப்புறமா சொன்னாங்க.

அதுக்கப்புறமும் ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல போவோம். என் கூட்டாளி மட்டும் போனதும், "பாட்டி போன் பண்ணாங்களா தாத்தா?"ம்பான். அவரும் சந்தோஷமா ஏதாவது சொல்வார். அவன் அப்படிக் கேட்டது சரியா?

காவிரிக்கரை:
தப்புதான் தம்பி. நாவல்லயே பாருங்க, அவர்கூடப் பழகுற பசங்க ஜானும் லொரெய்னும் தாங்க சொன்ன பொய்யை ஒத்துக்கிட்ட பிறகுதான் அவரும் மனைவி செத்துட்டான்னு வாயைத் திறக்கிறார். திருவையாத்துல எங்க படித்துறைக்கு ஒருத்தர் வருவார். நிலமெல்லாம் வித்தாச்சு, ஆனாலும் தினம் மேட்டூர் நீர்மட்டம் கேட்பார். நாங்க போனைப் பார்த்து உள்ளதைத்தான் சொல்வோம். வழக்கமா திறக்கிற ஜூன் 12-க்குத் தண்ணி திறக்கலன்னா திறக்கலதான். முகம் வாடும். ஆனா மறுநாளும் எங்ககிட்டதான் வந்து கேட்பார்.

ஓய்வு பெற்ற தலையாரி:
நானும் அப்படி ஒருத்தருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவன், மாயவரம் பக்கம். அதை விடுங்க. பசங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பேச்சுத்துணை மட்டும் போதாது. முதியோர் உதவித்தொகை மாசாமாசம் வருதான்னு விசாரிங்க. வரலன்னா இ-சேவை மையத்துல மனு போடலாம், ஆதாரும் பேங்க் புக்கும் கையில இருக்கணும். பிள்ளைங்க கைவிட்டிருந்தா 2007 மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுத்து ஜீவனாம்சம் கேட்கலாம். உதவி வேணும்னா 14567-க்கு அடிங்க, மூத்த குடிமக்களுக்கான இலவச எண். தனியா இருக்கிற வீட்டுக்குப் போறதை உங்க அப்பா அம்மாகிட்ட சொல்லிட்டுப் போங்க. அந்த நாவல்ல பசங்க அவர் இல்லாதப்போ பார்ட்டி வச்சு, அவர் வீட்டுல இருந்த பன்றி பொம்மைங்க உடைஞ்சுதே, பெரியவங்க ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா நடந்திருக்குமா?

துறைபூண்டிப் பையன்:
ஐயா, தாத்தாவுக்குப் பணம் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. அண்ணே, உங்க பெரியவர் கேட்டது தண்ணியைப் பத்தி. எங்க தாத்தாவுக்கு எவன் வாயால "பாட்டி செத்துட்டாங்க"ன்னு சொல்றது? என் கூட்டாளி கேட்டது சரின்னுதான் எனக்கு இன்னிக்கும் படுது. இப்படி யாராவது நேர்ல சொல்லியிருக்கீங்களா? சொன்னவங்க எழுதுங்க.